சோலார் இருக்கட்டும், ஜன்னல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில், எங்கள் பக்கத்து ஊர்க் கிளை நூலகம் 'பசுமை நூலகம்' ஆகிவிட்டதாகப் படத்துடன் செய்தி போட்டிருந்தீர்கள். மொட்டை மாடியில் சோலார் தகடு, வாசலில் நாலு தொட்டிச் செடி, வரிசையாக நின்ற பத்துப் பன்னிரண்டு பேர், எல்லார் தோளிலும் சால்வை. படத்தில் ஒரு புத்தகம்கூடத் தெரியவில்லை. அது போகட்டும். அந்த நூலகத்தை எனக்கு உள்ளும் புறமும் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பைண்டர். திருவாரூர் மாவட்டத்துக்காரன், வயது 61. அப்பாவிடம் தொழில் கற்றேன். பில் புத்தகம், பேரேடு, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை சுற்று வட்டார நூலகங்களிலிருந்து கிழிந்த புத்தகங்கள் கோணிச்சாக்கில் வரும். முதுகு பிய்ந்தது, அட்டை போனது, நடுவில் எட்டுப் பக்கம் தனியாகக் கழன்றது. பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டு ஒவ்வொன்றாகத் தைத்து, அட்டை வைத்து, காலிகோத் துணி ஒட்டி, விளிம்பு வெட்டித் திருப்பிக் கொடுப்பேன். 2015, 2016 வாக்கில் அந்தச் சாக்குகள் வருவது நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, 'இப்பல்லாம் புதுசாவே வாங்கிடறாங்க அண்ணே' என்றார் நூலகர் அம்மா. அவர் நல்லவர், எனக்கு வேண்டியவர். அவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்றுதான் ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் விட்டிருக்கிறேன். என் பெயரையும் போட வேண்டாம்.

அந்த நூலகம் முன்பு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. நாட்டு ஓடு, இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருப்பார்கள். நாளிதழ் படிக்கிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். மழை வந்தால் பெஞ்சை ஒரு முழம் உள்ளே இழுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அலமாரிகள் உள் அறைச் சுவர் ஓரமாக இருக்கும். வெயில் புத்தகத்தின்மேல் விழாது. சாயங்காலம் நாலரை, ஐந்து மணி வரை டியூப் லைட் போட்டு நான் பார்த்ததில்லை. அதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லவில்லை. வெளிச்சம் இருந்தது, லைட் போடவில்லை.

கஜா புயல் அந்த வீட்டின் ஓட்டைப் பிய்த்துப் போட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா என்பது உங்களுக்குத் தெரியும். விழாவுக்கென்று பத்தடிக்கு ஆறடியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடித்து வாசலில் கட்டியிருந்தார்கள். காற்று ஆரம்பித்ததும் வீட்டுக்காரப் பையன் அதை அவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடி, கதை அலமாரியின்மேல் போர்த்திவிட்டான். அந்த அலமாரி தப்பித்தது. அந்த ஃப்ளெக்ஸ் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மற்ற அலமாரிகளில் 312 புத்தகங்கள் நனைந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. வழியெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது. நூலகர் அம்மா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது. அதை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார். 'எல்லாத்தையும் வெயில்ல பரப்பிடலாமா அண்ணே?' என்று கேட்டார். கூடாது என்றேன். நனைந்த புத்தகத்தை நேர் வெயிலில் போட்டால் அட்டை வில்லாக வளையும், ஏடு அலை அலையாகச் சுருங்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் மூடாது. நிழலும் காற்றும்தான் வேண்டும். ஆனால் தாமதிக்கவும் முடியாது. நம் ஊர் உஷ்ணத்துக்கு இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

அவரிடம் ஒரு வருஷத்துப் பழைய நாளிதழ்க் கட்டு இருந்தது, எடைக்குப் போட வைத்திருந்தது. உங்கள் பத்திரிகையும் அதில் இருந்தது. இருபது இருபது ஏட்டுக்கு நடுவே ஒரு தாள் செருகி, புத்தகத்தை விசிறி மாதிரி விரித்துச் செங்குத்தாகத் தாழ்வாரத்தில் நிறுத்தினோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை உருவிவிட்டு வேறு தாள். உருவிய தாளைத் திண்ணையில் காயவைத்துத் திரும்ப அதையே செருகுவோம். மெல்லிய புத்தகங்களைக் கயிறு கட்டித் துணி மாதிரித் தொங்கப்போட்டோம். பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். கரண்ட் பதினெட்டு நாள் வரவில்லை. ஃபேன் கிடையாது, ஹேர் டிரையர் கிடையாது. முற்றத்து வழியாக வந்த காற்று ஒன்றுதான். 270 புத்தகங்களுக்கு மேல் பிழைத்தன. போனவற்றில் முக்கால்வாசி வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட படப் புத்தகங்கள். அந்தத் தாளின் பூச்சு ஈரத்தில் பசையாகிவிடும். காய்ந்தால் செங்கல்தான், கத்தி வைத்தாலும் பிரியாது. பிழைத்தவற்றில்கூட நூலக முத்திரையின் ஊதா மை கரைந்து நாலைந்து பக்கத்துக்கு ஊறியிருக்கும். இப்போதும் அந்த ஊதாக் கறையைப் பார்த்தால் இது கஜாவில் நனைந்தது என்று சொல்லிவிடுவேன்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால், மேலே உள்ள இரண்டு பத்தியை மட்டும் வெட்டாதீர்கள். அடுத்த புயலுக்கு யாருக்காவது உதவும்.

அப்புறம் புதுக் கட்டடம் வந்தது. சொந்தக் கட்டடம், நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் இடம் புறவழிச் சாலையில், கடைத்தெருவிலிருந்து மூன்று கிலோமீட்டர். முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதுவும் மேற்குப் பார்த்து. மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள், வடகம் காயவைக்கலாம். அந்தச் சூட்டைத் தணிக்க இரண்டு ஏசி. ஏசிக் காற்று போய்விடக் கூடாது என்று பக்கவாட்டு ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டார்கள். மேலே ஃபால்ஸ் சீலிங். கண்ணாடி வழியே வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று திரைச்சீலை. திரையை இழுத்துவிட்டதால் இருட்டு, ஆகவே பகலெல்லாம் விளக்கு. இத்தனைக்கும் பிறகு மாடியில் சோலார் தகடு. நீங்கள் போட்ட படம் அந்தத் தகட்டின் படம்.

என் தம்பி மகன் எலக்ட்ரீஷியன். அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தகடு மூன்று கிலோவாட். கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட் என்று வைத்தால் பன்னிரண்டு யூனிட் வரும், மழை மூட்டம் இல்லாத நாளில். இரண்டு ஏசியும் எட்டு மணி நேரம் ஓடினால் பதினெட்டிலிருந்து இருபது யூனிட் இழுக்கும் என்றான். சோலார் தருவதெல்லாம் ஏசிக்கே போதவில்லை. ஏசி எதற்கு, கண்ணாடிக்கு. கண்ணாடி எதற்கு? படத்துக்கு நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

விளக்குக் கணக்கையும் பாருங்கள். பழைய காலத்துக் குண்டு டியூப் லைட், சோக்கோடு சேர்த்து 55 வாட் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் ஐந்தே கால் யூனிட். அதே இடத்தில் 20 வாட் எல்இடி போட்டால் இரண்டு யூனிட்டுக்கும் கீழே. பகலில் போடாமலே இருந்தால் அதிலும் கால்வாசிதான். ஃபேனும் அப்படித்தான், சாதா ஃபேன் 75 வாட், இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட். இந்த நூலகம் ஜன்னலோடு கட்டப்பட்டிருந்தால் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அந்த மூன்று கிலோவாட்டே பார்த்துக்கொண்டு, மிச்சத்தை மின் வாரியத்துக்கும் கொடுத்திருக்கும்.

ஏசி புத்தகத்துக்கு நல்லதுதானே என்று கேட்பார்கள். விடாமல் இரவும் பகலும் ஓடினால் நல்லது. பத்து மணிக்குப் போட்டு ஆறு மணிக்கு நிறுத்தினால் கெடுதல். பகலெல்லாம் குளிர்ந்திருந்த புத்தகத்தில், நிறுத்திய பிறகு கதவிடுக்கு வழியே வரும் ஈரக் காற்று படும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் தினமும் இது நடந்தால் என்ன ஆகும்? போன மார்கழியில் அந்த நூலகத்துக்குப் போனேன். கீழ்த்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினேன். காலிகோ முதுகின்மேல் விபூதி தூவினது போல வெள்ளைப் பூஞ்சை. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன், பூட்டி வைத்த வீட்டு வாசம். கஜாவில் நனைந்து பிழைத்த புத்தகம் அது, ஊதாக் கறை இருந்தது. புயலைத் தாண்டி வந்ததை ஏசி பிடித்துக்கொண்டது.

எல்லா நூலகமும் ஓட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி போயாக வேண்டும். அது காலத்துக்கும் இருக்க வேண்டிய பிரதி, அதற்குக் குளிர்பதனம் செய்யலாம். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலின் சுவடிகளும் அப்படித்தான். 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் பசுமைக் கட்டடத்துக்கான லீட் தங்கச் சான்று வாங்கியது, ஆசியாவில் அந்தச் சான்று பெற்ற முதல் நூலகக் கட்டடம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அத்தனை மாடிக் கட்டடத்துக்கு வேறு கணக்கு. ஆனால் கிளை நூலகத்துப் புத்தகம் அருங்காட்சியகப் பொருள் இல்லை. அது பத்துப் பேர் வீட்டுக்குப் போய், எண்ணெய்க் கை பட்டு, குழந்தை கிழித்து, திரும்பி வந்து, தைக்கப்பட்டு, மறுபடி போக வேண்டிய பொருள்.

அந்தத் தைக்கிற இடத்துக்குத்தான் வருகிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் அந்த நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்தார்கள். முறைப்படி பட்டியல் போட்டு, அனுமதி வாங்கித்தான் செய்தார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 2009-ம் வருஷத்துப் போட்டித் தேர்வு கைடை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? அது எடைக்குப் போகத்தான் வேண்டும், ஆலையில் கூழாகி மறுபடி தாளாகட்டும். ஆனால் அந்தச் சாக்குகளில் வேறு புத்தகங்களும் இருந்தன. பழைய பேப்பர் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர். 'உன் கைவேலை நிறைய வந்திருக்கு, வந்து பாரு' என்று போன் செய்தார். போனேன். கிலோ 11 ரூபாய்க்கு எடுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எனக்கு 20 ரூபாய் என்றார். வியாபாரி. பதினாலு கிலோ வாங்கினேன், 43 புத்தகம்.

அதில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறவை மாடு வளர்ப்புப் பற்றிய புத்தகம், நூறு பக்கத்துக்குச் சற்று மேலே. கடைசிப் பக்கத்தில், திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடும் தவணைச் சீட்டு ஒன்றின்மேல் ஒன்றாக நாலு ஒட்டியிருந்தது. ஆவி காட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதல் முத்திரை 1987. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 163 முறை இரவல் போயிருக்கிறது. நடுவில் ஒரு பக்கத்தில் யாரோ பென்சிலால் பருத்திக்கொட்டை, தவிடு என்று விலைக் கணக்குப் போட்டிருக்கிறார். இன்னொரு பக்கத்தில் வைக்கோல் துரும்பு ஒன்று அப்படியே தட்டையாகிக் கிடந்தது. இந்தப் புத்தகத்தை நான் இரண்டு முறை தைத்திருக்கிறேன். பின்னட்டையின் உள்பக்கம் வேலை செய்த வருஷத்தைச் சின்னதாக எழுதிவைப்பது என் வழக்கம். 1996 என்றும் 2008 என்றும் இருந்தது. முதல் தடவை 14 ரூபாய் வாங்கினேன், இரண்டாம் தடவை 35. ஆக 49 ரூபாய் செலவில் இன்னொரு இருபது வருஷத்துக்கு மேல் அது ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. தையல் இப்போதும் விடவில்லை. அட்டை மூலை மட்டும் நைந்திருக்கிறது, ஒரு மணி நேர வேலை. அதைத்தான் 11 ரூபாய் எடைக்குப் போட்டார்கள்.

காகிதம் சும்மா வருவதில்லை. நம் புகளூர் ஆலையில் 1984-லிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறார்கள், நாட்டிலேயே பெரிய வேலை அது, நான் எத்தனையோ ரீம் வெட்டியிருக்கிறேன். ஆனாலும் சக்கை மட்டும் போதாது, மரக்கூழும் சேர்க்க வேண்டும், தண்ணீர் வேண்டும், நீராவிக்கு எரிபொருள் வேண்டும். ஏற்கெனவே செய்துவிட்ட காகிதத்தை இன்னும் இருபது வருஷம் ஓட்டுவதற்கு ஊசி, நூல், ஒரு கை மைதா மாவு போதும்.

பசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைதாவைக் கட்டி தட்டாமல் காய்ச்சி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவோம், பூச்சி அண்டாது. துத்தம் விஷம்தான், அதை இயற்கை என்று நான் பீற்றிக்கொள்ள மாட்டேன், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்தான் வைப்பேன். ஆனால் மைதாப் பசைக்கு ஒரு குணம் உண்டு. பத்து வருஷம் கழித்து ஈரத்துணி வைத்தால் இளகிக் கொடுக்கும். அடுத்த பைண்டர் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். இப்போது வருகிற புத்தகங்களில் பெரும்பாலானவை தைத்தவையே இல்லை. முதுகைச் சீவி, சூடான பசையில் முக்கி ஒட்டுகிறார்கள், பெர்ஃபெக்ட் பைண்டிங் என்று பெயர். பெயரில் மட்டும்தான் பெர்ஃபெக்ட். நன்றாக விரித்துப் படித்தால் பத்தாவது வாசகர் கையில் ஏடு ஏடாக உதிரும். பாரமாக மடித்திருந்தால் தைக்கலாம், தனித்தனி ஏடாகிவிட்டதைப் பக்கவாட்டில் குத்தித்தான் தைக்க வேண்டும், அப்புறம் எழுத்து உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அட்டைமேல் பிளாஸ்டிக் லேமினேஷன் வேறு. அது மண்ணிலும் மக்காது, ஆலையிலும் கரையாது.

நூலகங்களுக்கு வாங்கும் பிரதிகள் தைத்த பைண்டிங்காகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி விதி போட்டால் போதும். பிரதிக்குச் சில ரூபாய் கூடும். அதைவிட, கட்டு வரும்போது ஒவ்வொரு புத்தகத்துக்கும் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கிறார்களே, அதை முதலில் நிறுத்தலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. மஞ்சப்பை கொண்டு வாருங்கள் என்று கடைக்கடையாகச் சொல்கிறோம். நூலகத்தின் பின்கட்டில் உரித்த உறைகள் ஒரு மூட்டை கிடக்கின்றன. அந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே நூலக வார விழாவின் பழைய ஃப்ளெக்ஸ் நாலு, சுருட்டி வைத்தபடி. வருஷா வருஷம் தேதி போட்டு அடிப்பதால் அடுத்த வருஷம் ஆகாதாம். தேதி போடாமல் ஒரு துணியில் எழுதி வைத்துக்கொண்டால் என்ன? எங்கள் ஊர்க் கோயிலில் தேர்த் திருவிழாத் துணிப் பதாகை நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எழுதியது, இன்னும் கட்டுகிறார்கள்.

பூச்சி விஷயத்திலும் ஒரு வார்த்தை. புது நூலகத்தில் அலமாரிக்கு அலமாரி அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறையில் அந்துருண்டை. நூலகர் அம்மாவுக்கு மூன்று மணி ஆனால் தலைவலி. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு இவற்றைப் பொடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாகக் கட்டி வைக்கிற வழக்கம் உண்டு. அதே முடிச்சை நான் என் கடையில் முப்பது வருஷமாக வைத்திருக்கிறேன். வேப்பிலை வைக்கிறவர்கள் நிழலில் நன்றாகச் சருகாக்கிய பிறகு வையுங்கள். பச்சையாக வைத்தால் கறை பிடிக்கும், ஈரத்துக்குப் பூஞ்சையும் வரும், நானே கெடுத்துத் தெரிந்துகொண்டது. ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். இராமபாணப் பூச்சிக்கு இருட்டும், ஈரமும், யாரும் தொடாத இடமும் வேண்டும். மாசம் ஒரு தடவை புத்தகத்தை எடுத்துத் தட்டி வைத்தால் அது வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடும். அந்தக் கறவை மாட்டுப் புத்தகத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. 163 பேர் கையிலிருந்தபோது பூச்சி எப்போது சாப்பிடும்?

கடைசியாக அந்த மூன்று கிலோமீட்டர். பழைய இடத்துக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நடந்து வருவார்கள். காய் வாங்க வந்த பெண்கள் பையோடு வந்து வார இதழ் மாற்றிக்கொண்டு போவார்கள். இப்போது புறவழிச் சாலையைத் தாண்டி யார் பிள்ளையை அனுப்புவார்கள்? வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள்தான் வருகிறார்கள், பெரும்பாலும் தேர்வுக்குப் படிக்க. அவர்கள் படிக்கட்டும், நல்லது. ஒரு நாளைக்கு நாற்பது வண்டி என்று வையுங்கள். போக வர ஆறு கிலோமீட்டர், மொத்தம் 240. லிட்டருக்கு ஐம்பது கொடுத்தாலும் தினம் ஐந்து லிட்டர் பெட்ரோல். இந்த ஐந்து லிட்டர் அந்தப் பசுமைப் பலகையில் எந்தக் கணக்கில் வருகிறது?

எங்கள் பக்கத்து மன்னார்குடியில்தான் 1931-ல் மாட்டு வண்டியில் நூலகம் ஓட்டினார்கள். கனகசபைப் பிள்ளை முன்னின்று செய்தது. முதலில் போன ஊர் மேலவாசல். சீர்காழியில் பிறந்து நூலகத் துறைக்கே தந்தை என்று பெயர் வாங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன் காலத்து வேலை. புத்தகம் ஆளைத் தேடிப் போனது, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல். இப்போது மாடு பூட்டச் சொல்லவில்லை. கடைத்தெருவில் ஒரு அறை, பகுதி நேரமாகத் திறந்தாலும் போதும். மிதிவண்டியில் ஒரு பெட்டி புத்தகம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாலும் போதும். என் வீட்டு வரியோடு பத்து சதவீதம் நூலக வரி கட்டுகிறேன், எல்லாரும் கட்டுகிறோம். அதனால் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

ஜன்னல் திறந்தால் தூசி வரும் என்று பொறியாளர் ஒருவர் சொன்னாராம். வரும். துணி நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். வெயில் பட்டால் தாள் பழுக்கும் என்பதும் உண்மைதான், மலிவுத் தாள் இன்னும் சீக்கிரம் பழுக்கும். அதற்குத்தான் ஆள் ஜன்னல் ஓரமும் அலமாரி உள்சுவர் ஓரமும் இருக்க வேண்டும். இங்கே நேர்மாறாக, கண்ணாடியை ஒட்டி அலமாரி வைத்திருக்கிறார்கள். புதுப் புத்தகங்களின் சிவப்பு முதுகெல்லாம் ஒரே கோடையில் ரோஸ் ஆகிவிட்டது. அலமாரியைத் தள்ளி வைக்கச் செலவு ஒன்றுமில்லை, நாலு பேர் கை கொடுத்தால் அரை நாள் வேலை.

அந்த 43 புத்தகங்களையும் தைத்து முடித்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது, கழித்ததைத் திரும்பச் சேர்க்க விதியில் இடமில்லை என்று நூலகர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்ன செய்வார், பாவம். இப்போதைக்கு என் வீட்டுத் திண்ணையில் ஒரு பெஞ்சில் அடுக்கி வைத்திருக்கிறேன். தெருப் பிள்ளைகள் எடுத்துப் போகிறார்கள், சில சமயம் திருப்பிக் கொடுக்கிறார்கள். கறவை மாட்டுப் புத்தகத்தைப் போன வாரம் கீழத் தெருவில் புதிதாகக் கிடாரிக் கன்று வாங்கியவர் கொண்டுபோயிருக்கிறார். சீட்டில் தேதி எழுதிக்கொண்டேன், 164.

அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். மாசத்தில் இரண்டு சனிக்கிழமை நான் அந்த நூலகத்துக்கு வந்து கிழிந்த புத்தகங்களைத் தைத்துத் தருகிறேன், வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கூலி வேண்டாம். ஊசி, நூல், மைதா என்னுடையது. அட்டையும் காலிகோவும் மட்டும் வாங்கித் தர வேண்டும். ஒரு மேசை வேண்டும். பசை காய அதைத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போட வேண்டும். எந்த ஜன்னல் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு பைண்டர்,
திருவாரூர் மாவட்டம்.